சித்திரை இடிமழை வாரத்தை எதிர்கொள்வது எப்படி? வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னிக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம், சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், பிற்பகல் மூன்றரை மணிக்கு எழுந்த காற்று எங்கள் வீட்டின் பின்பக்கக் கூரையிலிருந்து ஏழு தகரங்களைக் கழற்றி அடுத்த வளவு வேலியில் கொண்டுபோய்ப் போட்டது. காற்றும் மழையும் சேர்ந்து இருபத்தைந்து நிமிடங்களே நீடித்தன. நனைந்த பத்திரங்களுக்கு மாற்றுப் பிரதி எடுப்பதற்கும், சேதத்தைப் பதிவுசெய்வதற்கும், கூரையைத் திரும்பப் போடுவதற்கும் ஏழு வாரங்கள் அலைந்தேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். பங்குனியிலும் சித்திரையிலும் வானம் இப்படி நடந்துகொள்ளும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. இடமாற்றம் பெற்று வருபவர்கள், இந்தியாவிலிருந்து திரும்பிக் குடியமர்பவர்கள், காணி வாங்கி வீடு போடுபவர்கள் ஆகியோர் இதே அலைச்சலைப் படாமல் இருப்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்யும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. எந்த நாட்களுக்கு ஆயத்தமாக வேண்டும்?

மார்ச்சும் ஏப்ரலும் இலங்கையில் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் எழும்பாத இந்த இடைவெளியில் காற்று பலமின்றி இருப்பதால், காலை முழுதும் நிலம் சூடேறி, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்நிலத்தில் மேலெழுந்து, பிற்பகலில் இடிமுகிலாகத் திரள்கிறது. வன்னிக்கு மேற்கே மன்னார்க் கரையும் கிழக்கே முல்லைத்தீவுக் கரையும் இருப்பதால் இரு பக்கத்துக் கடற்காற்றும் உள்ளே வருகிறது.

ஏப்ரல் 5 முதல் 14 அல்லது 15 வரை சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கைக்கு நேர்மேலே உச்சம் கொடுத்துச் செல்லும். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய இடங்களின் முறை இதன் கடைசி நாட்களில், ஏறத்தாழ 12 முதல் 14 வரையில், நண்பகல் 12 மணி கழிந்த சில நிமிடங்களில் வரும். புத்தாண்டுச் சாமான் வாங்கவும் ஊருக்குப் போகவும் எல்லோரும் வீதியில் நிற்கும் நாட்கள் இவை. அலுவலகங்கள் மூடியிருக்கும் நாட்களும் இவைதான். ஏப்ரல் 13, 14 பொது விடுமுறை. அவற்றை ஒட்டி வார இறுதியோ பெரிய வெள்ளியோ வந்தால் நான்கைந்து நாட்களுக்கு எந்தக் கையொப்பமும் கிடைக்காது. ஆகவே கீழே சொல்லும் ஆயத்தங்களை மார்ச் மாதத்து மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மே மாதத்தில் சோளகம் நிலையாக வீசத் தொடங்கியதும் இந்த வகை மழை குறைந்துவிடும்.

2. முன்னறிவிப்பை வாசிக்கப் பழகுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் அன்றைய நாளுக்கான முன்னறிவிப்பை அதிகாலை 5.30 மணிக்கு மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. திணைக்களத்தின் இணையத்தளத்திலும் முகநூல் பக்கத்திலும் அதை நேரடியாகப் பார்க்கலாம். காலைத் தேநீரோடு அதை வாசிப்பதை இந்த இரண்டு மாதங்களுக்கு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஐந்து வரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. நான் முதல் வருடத்தில் அவற்றை மேலோட்டமாகப் படித்ததே தவறு.

முதலில் இடத்தைத் தேடுங்கள். முன்னறிவிப்பில் வன்னி என்ற பெயர் வராது. மாகாணமோ மாவட்டமோதான் வரும். வட மாகாணம் என்று முழுதாக வரும் நாட்களும் உண்டு; வடமத்திய மாகாணத்தோடு சேர்த்து வவுனியா மாவட்டம் மட்டும் தனியாகக் குறிப்பிடப்படும் நாட்களும் உண்டு. நெடுங்கேணியில் இருப்பவர் தன் ஊர் முல்லைத்தீவுப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு வவுனியா என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நெடுங்கேணி நிர்வாகத்தில் வவுனியா மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் பக்கத்து மாவட்டத்துக்கான வரியையும் தங்களுக்கானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இடிமுகிலுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

அடுத்து நேரம். இக்காலத்தில் பெரும்பாலும் பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர் அல்லது இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றே எழுதப்பட்டிருக்கும். அந்த மணிதான் உங்கள் அன்றைய நாளின் எல்லைக்கோடு.

மூன்றாவது அளவு. 50 அல்லது 75 மில்லிமீற்றரிலும் கூடிய மழையை ஓரளவு பலத்த மழை என்றும், 100 மில்லிமீற்றரைத் தாண்டுவதைப் பலத்த மழை என்றும் எழுதுவார்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். வன்னியில் வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட பல வீடுகள் 550 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 51 சதுர மீற்றர்; 50 மில்லிமீற்றர் பெய்தால் அத்தனை பரப்பில் மட்டும் 2,500 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழும். மாரியில் அது ஒரு நாள் முழுதும் விழும் அளவாக இருக்கலாம். சித்திரையில் அரை மணித்தியாலத்திலேயே அதன் பெரும்பகுதி விழுந்துவிடலாம். பீலியும் வடிகாலும் அடைபட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். இடிமழையின்போது அப்பகுதிகளில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும், மின்னல் பாதிப்பைக் குறைக்க முன்னெச்சரிக்கை எடுக்கவும் என்று அது சொல்லும். ஒவ்வொரு நாளும் அதே வரி வருவதால் கண் அதைத் தாண்டிவிடும். எங்கள் தகரத்தைக் கழற்றியது அந்தத் ‘தற்காலிகமான’ காற்றுத்தான்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. கைப்பேசியில் வரும் வானிலைச் செயலி ஏழு நாளுக்கும் இடிப்படம் போட்டுக் காட்டும். அதைப் பார்த்து வாரம் முழுதும் மழை என்று வேலையை நிறுத்துவதும், இரண்டு நாள் பெய்யாததால் மூன்றாம் நாள் அசட்டையாக இருப்பதும் ஒரே அளவு தவறு. இந்த மழை இடத்துக்கிடம் மாறும். மாங்குளத்தில் கொட்டும்போது ஒட்டுசுட்டானில் வீதி காய்ந்திருக்கலாம். இரண்டாவது, வட்ஸ்அப் வழியாக வரும் எச்சரிக்கைப் படம். கடும் மின்னல் பற்றிய திணைக்கள எச்சரிக்கையில் வெளியிட்ட நேரமும் எதுவரை செல்லுபடியாகும் என்பதும் எழுதப்பட்டிருக்கும். திகதி இல்லாத, ஓரம் வெட்டப்பட்ட படத்தை நம்பவும் வேண்டாம், மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். மூன்றாவது, மழை வந்த பின்னரே காற்று வரும் என்ற எண்ணம். இடிமுகிலின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று முன்னதாகவே தரைக்கு இறங்கி ஓடிவரும். கடும் புழுக்கத்தில் திடீரெனக் குளிர்காற்று முகத்தில் அடித்து, மண் எழும்பினால், உங்களுக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன.

3. நாளை இரண்டாகப் பிரியுங்கள்

காலை உங்களுடையது. வெளிவேலை, வங்கி, அலுவலகம், பயணம், உடுப்புத் துவைத்தல் எல்லாவற்றையும் பகல் ஒரு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். பத்து மணிக்குப் பின்னர் வெயில் 35 பாகையை ஒட்டி ஏறிவிடும். கடும் உடலுழைப்பை ஆறு மணிக்கே தொடங்குவது நல்லது. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் காட்டுப்பகுதியில் நீண்ட தூரத்துக்கு ஒதுங்க ஒரு வீடும் கிடைக்காது என்பதை மனத்தில் வைத்துப் புறப்படுங்கள்.

பிற்பகல் தனியார் வகுப்புக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல், அறியாதவர் வீடானாலும் படலையைத் திறந்து உள்ளே போய் நில். வன்னியில் அப்படி வரும் பிள்ளையை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

4. கூரையும் வளவும்

காலபோக அறுவடை முடிந்து வேலையாட்கள் ஓரளவு ஓய்ந்திருக்கும் மார்ச் மாதத்தில் ஒருவரைக் கூரையில் ஏற்றுங்கள். தகரக்கூரையில் ஆணி மட்டும் அடிக்கப்பட்டிருந்தால் அது துரு ஏறி, துளை பெருத்து, காற்று கீழிருந்து தூக்கும்போது கழன்றுவிடும். றப்பர் வளையம் போட்ட திருகாணியாக மாற்றச் சொல்லுங்கள். கூரையின் நடுப்பகுதியை விட ஓரங்களும் முகடும் தாழ்வார மூலைகளுமே முதலில் பெயரும் என்பதால் அங்கே திருகாணியை நெருக்கமாகப் போட வேண்டும். கைமரம் சுவரோடு கம்பியாலோ இரும்புப் பட்டியாலோ பிணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தகரம் நன்றாக இறுகியிருந்து மரம் இறுகாவிட்டால் கூரை முழுதாகவே எழும்பும். விறாந்தைக்கு முன் இறக்கிய பத்திதான் பெரும்பாலும் முதலில் போகும்.

இந்த வேலைக்குத் திருகாணியும் ஒரு நாள் கூலியுமாக இரண்டாம் வருடம் எனக்கு 6,500 ரூபா முடிந்தது. முதல் வருடம் செய்யாமல் விட்டதற்கு ஏழு தகரம், இரண்டு கைமரம், லான்ட்மாஸ்டர் வாடகை, மூன்று நாள் கூலி என்று 43,000 ரூபா கொடுத்தேன். வேலையாள் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி வைத்தால்தான் வருவார்; புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் எவ்வளவு கொடுத்தாலும் கிடைக்க மாட்டார்.

தறப்பாள் ஒன்றும் கயிறும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். மண் மூட்டையைத் தகரத்தின் மேல் வைப்பது தற்காலிக உதவி மட்டுமே; கல்லை வைக்க வேண்டாம், காற்றில் அதுவும் கூடவே பறக்கும். வீட்டுப் பக்கம் சாய்ந்த முருங்கை, பட்ட தென்னை, காய்ந்த வேப்பங்கிளை ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். பெரிய மரமாக இருந்தால் வெட்டுவதற்கு முன் கிராம அலுவலரிடம் கேளுங்கள். சில மரங்களுக்கு அனுமதி வேண்டும்.

5. மின்னல்

இடிக்கத் தொடங்கிய பின்னர் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுவதே பலர் செய்யும் ஆபத்தான தவறு. தொலைக்காட்சி, குளிர்சாதனப்பெட்டி, நீர்ப்பம்பி, இணைய றவுட்டர் ஆகியவற்றின் பிளக்குகளை முகில் கறுக்கும்போதே கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. அன்ரனாக் கம்பியையும் டிஷ் கம்பியையும் பெட்டியிலிருந்து பிரித்து வையுங்கள். மெயின் சுவிச்சுக்கு அருகே ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா, எர்த் கம்பி அறுபடாமல் மண்ணுக்குள் போகிறதா என்பதைத் தகுதியான மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பியுங்கள். கோடையில் மண் காய்ந்து இறுகும்போது எர்த்தின் பயன் குறைகிறது. அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பதை இங்குள்ள மின்னியலாளர் ஒருவர் எனக்குக் காட்டித் தந்தார்.

மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை செக்கன்களை எண்ணி மூன்றால் பிரித்தால் தூரம் கிலோமீற்றரில் வரும். முப்பது செக்கனுக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. மழை விட்டதும் கிணற்றடிக்கும் வயலுக்கும் போகும் அவசரத்தில்தான் பலர் அகப்படுகிறார்கள்.

உள்ளே என்பது சுவரும் கூரையும் உள்ள வீடு, அல்லது கண்ணாடி ஏற்றிய பஸ், வான், கார். வயல் நடுவே உள்ள காவல் கொட்டில், பஸ் தரிப்பிடக் கொட்டகை, திறந்த உழவு இயந்திரம், தனித்து நிற்கும் பனை ஆகியவை பாதுகாப்புத் தராது. குளத்தில் குளிப்பவர்களும், இரணைமடுவிலோ நந்திக்கடலிலோ தோணியில் நிற்பவர்களும் முதல் இடியிலேயே கரையேற வேண்டும். வீட்டுக்குள்ளும் குழாயில் குளிப்பதையும் இரும்பு யன்னல் கம்பியைப் பிடித்து நிற்பதையும் தவிருங்கள்.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொடப் பயந்து நிற்பதால் உயிர் போகலாம். மூச்சு இல்லையென்றால் 1990க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை என்ற வேகத்தில் பலமாக அழுத்திக்கொண்டேயிருங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு அருகே யாரையும் விடாமல், மின்சார முறைப்பாட்டு எண்ணான 1987க்குச் சொல்லுங்கள்.

6. நெல், வாழை, மாடு

வீதியோரத்தில் நெல் காயவிடுபவர்கள் படங்கை விரித்த பக்கத்திலேயே மூடுவதற்கான இன்னொரு படங்கையும் வைத்திருங்கள். ஒரு மணிக்கு நெல்லைக் குவித்துவிட வேண்டும். ஒரு தடவை நனைந்த நெல்லின் விலையை வியாபாரி உடனே குறைப்பார். குலை தள்ளிய வாழைக்குக் கவைத்தடி முட்டுக் கொடுங்கள். மாடுகளைப் பிற்பகலில் தனிமரத்தில் கட்டவோ கம்பி வேலியோரம் நிறுத்தவோ வேண்டாம். மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் ஒரே மின்னலில் கூட்டமாக இறப்பதுண்டு.

7. பத்திரங்களை முன்னரே ஒழுங்குபடுத்துங்கள்

நான் அதிகம் துன்பப்பட்டது இதில்தான். என் குடும்பப் பதிவு அப்போதும் யாழ்ப்பாணத்துக் கிராம அலுவலர் பிரிவிலேயே இருந்தது. வீடு சேதமானது ஓரிடத்தில், ஆள் பதிவில் இருப்பது இன்னோரிடத்தில் என்றால், எந்த உத்தியோகத்தரும் உடனே கையொப்பமிட முடியாது. பழைய பிரிவிலிருந்து பதிவை நீக்கிய கடிதம் பெற்று, அதைப் புதிய பிரிவில் கொடுத்து, குடும்ப அட்டையில் பெயர் ஏறுவதற்குள் நான்கு வாரம் போனது. வன்னியில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப்போகிறீர்கள் என்றால் வந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரோடு எழுதிய உடன்படிக்கையும், உறவினர் காணியில் இருப்பவர்களானால் அவருடைய சம்மதக் கடிதமும் தேவைப்படும்.

ஒரு கோப்பில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டைகள், பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், குடும்ப அட்டைப் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கடைசி மின்பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், பிள்ளைகளின் பாடசாலை ஆவணங்கள், காப்புறுதி இருந்தால் அதன் பத்திரம். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒரு கட்டை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். மூலப் பத்திரங்களை இறுக்கிக் கட்டிய தடித்த பொலித்தீன் பையில் இட்டு, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து, சுவர் அலுமாரியில் வையுங்கள். கூரைக்குக் கீழே பரணில் வைத்ததாலேயே என்னுடையவை நனைந்தன. அனுமதிப்பத்திரத்துக்கு லமினேற் போட வேண்டாம். பின்னர் அதில் குறிப்பு எழுதவோ முத்திரை இடவோ முடியாது.

வீட்டின் நான்கு பக்கத்தையும் உட்கூரையையும் மார்ச் மாதத்திலேயே திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். சேதத்துக்கு முன் வீடு எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

8. சேதம் நேர்ந்துவிட்டால்

முதல் மணித்தியாலத்தில்: மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பழுதைத் தொடுவதற்கு முன் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து வீடு முழுதும் ஒன்று, கிட்ட நின்று ஒவ்வொரு பழுதும், பறந்த தகரம் கிடக்கும் இடம். அதற்குப் பிறகு தறப்பாள் போடலாம். மழையில் நனைந்துகொண்டு உத்தியோகத்தருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை; கழன்ற தகரத்தையும் முறிந்த மரத்தையும் எறியாமல் வளவில் ஒதுக்கி வைத்தால் போதும். நான் தகரங்களை மறுநாளே கொடுத்துவிட்டேன். மதிப்பீட்டுக்கு வந்தவர் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றே: கிராம அலுவலருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் எல்லா நாட்களும் அலுவலகத்தில் இருப்பதில்லை. இருக்கும் நாட்கள் கதவில் எழுதப்பட்டிருக்கும், அவருடைய எண்ணை முன்னரே வாங்கி வையுங்கள். விடுமுறை நாளாயின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, சேதம், நேரம் ஆகியவற்றைச் சொல்லி, அழைத்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் திறந்த முதல் நாளில்: சேதத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். திகதி, நேரம், எத்தனை பேர் குடும்பத்தில், என்ன சேதம் என்பவற்றோடு படங்களையும் பிரதிகளையும் இணையுங்கள். கிராம அலுவலரின் அறிக்கை பிரதேச செயலகத்தில் உள்ள அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தருக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போகும். சேதம் முழுமையானதா பகுதியளவானதா என்பதை மதிப்பிட்டு எழுதுவார்கள். மதிப்பிட வரும் நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். நெற்பயிர் சேதமானால் கமநல சேவை நிலையத்துக்குத் தனியாக அறிவியுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் முன் அறுத்தால் காட்டுவதற்குப் பயிர் இருக்காது. தனியார் காப்புறுதி இருந்தால் பத்திரத்தில் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்தக் காலம் குறுகியது.

இந்த அலுவலகங்களில் நான் எந்தப் படிவத்துக்கும் பணம் கட்டவில்லை. படப்பிரதி, பஸ், ஓட்டோ என்று ஏழு வாரத்தில் என் கைச்செலவு 3,800 ரூபா. எடுத்த அரைநாள் விடுமுறைகள் ஆறு. இடையில் நின்று வேகமாக முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியையும் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்கி, கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். பதினான்கு நாள் கழித்து அந்த இலக்கத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். நான் இலக்கம் இல்லாமல் போன நாளில் காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை இருந்தேன். இலக்கத்தோடு போன நாளில் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது, ஒரு மணி பஸ்ஸுக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.